இடது இறக்கை

அத்தியாயம் 6

"திருடன் ரொம்பப் பொறுப்பானவன் மேடம்" என்றான் கண்டக்டர். "பெட்டியைத் திறந்து, பொருளை எடுத்து, மறுபடி மூடி, நாலு ஸ்க்ரூவையும் முறுக்கிட்டுப் போயிருக்கான். எங்க வீட்டுக்கு வர்ற பிளம்பர்கூட இவ்வளவு செய்ய மாட்டான்."

மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. மூடி சரியாகப் பொருந்தியிருந்தது. உள்ளே காலி. நேற்றுக் காலை வரை அதற்குள் ஒரு விமானம் நின்றிருந்தது. இரட்டை என்ஜின் சரக்கு விமானத்தின் பிளாஸ்டிக் மாதிரி. மொத்தம் நூற்று எண்பத்தாறு பாகங்கள்.

மேடம் குனிந்து ஸ்க்ரூக்களைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள். அங்கே ஒற்றுப்பிழை பார்த்தவள் இப்போது ஊருக்கு ஒற்று பார்க்கிறாள் என்பது கண்டக்டர் புதிதாகச் சந்திக்கும் எல்லோரிடமும் சொல்லும் ஜோக். அவனுடைய பஸ் ரூட்டை நிறுத்திய பிறகு மூன்று வருடமாக அவளுக்கு உதவியாளன். காக்கிச் சட்டையை விட்டுவிட்டான், வாயை விடவில்லை.

"மாமாதான் எடுத்திருக்கணும்" என்றாள் மகள். இவர்களை வரவழைத்தவள் அவள்தான். மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை. இரண்டு தெரு தள்ளி வீடு. "நேத்து மூணு மணிக்கு அவர் ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கிட்டு படி இறங்கினதைக் கீழ் வீட்டு டெய்லர் பார்த்திருக்கார். சாயங்காலம் நான் வந்து பார்த்தா பிளேன் இல்லை."

"மாமாவுக்கு பிளேன் எதுக்கு?"

"அவருக்கு வேண்டாம். அது எங்கம்மாகிட்ட இருக்கக் கூடாது. அதுதான் அவருக்கு வேணும்."

விஷயம் இதுதான். இந்த வீட்டுக்காரி முப்பத்தொரு வருடம் விமானம் பழுது பார்க்கும் கொட்டகையில் வேலை பார்த்தவர். வட்டாரத்தில் எல்லோருக்கும் மெக்கானிக் அம்மா. போன வருடம் பக்கவாதம் வந்து வலது கை செயலிழந்தது. நடக்கக் கைத்தடி வேண்டும். அவருடைய தம்பி மனுப் போட்டிருக்கிறார்: அக்காவால் தனியாக இருக்கவும் முடியாது, எதையும் சரியாக முடிவெடுக்கவும் முடியாது, தன்னைப் பாதுகாவலராக நியமித்தால் நல்ல பராமரிப்பு இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடுவேன் என்று. மருத்துவ அதிகாரியின் விசாரணை நாளைக் காலை பதினொரு மணிக்கு.

முதல் விசாரணையிலேயே மெக்கானிக் அம்மா அதிகாரியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார்: "ஒத்தைக் கையால பிளேன் கட்டிக்கிட்டிருக்கேன். முடிச்சுக் கொண்டு வர்றேன். பார்த்துட்டு எழுதுங்க."

சும்மா ஒரு பொம்மை இல்லை அது. நாற்பது வருடத்துக்கு முன் அச்சில் வார்த்த கிட். பிளாஸ்டிக் வளைந்திருந்தது. இரண்டு பாதி உடலையும் சேர்த்தால் நடுவில் நகம் நுழையும் இடைவெளி. ஒட்ட வேண்டிய எழுத்துகளெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தன. அவற்றை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்து மூன்று வாரம் வெயில் காட்டி வெளுத்தார். மூக்குப் பக்கம் கனம் போதாமல் வால் குத்தி உட்காரும் என்று முன்னாலேயே தெரிந்து, தூண்டில் ஈயக் குண்டுகளை உள்ளே வைத்து அடைத்தார். கை பழகிய இளவட்டங்களே பாதியில் பரண் மேல் போட்டுவிடும் கிட்டை இடது கையால் ஏழு மாதத்தில் முடித்திருந்தார்.

அந்த மனுஷி இப்போது ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து, துப்பறிய வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"உங்க தம்பி நேத்து வந்தாரா?" என்று மேடம் கேட்டாள்.

"வந்தான்."

"எதுக்கு?"

"அக்காவைப் பார்க்க. தம்பி வேற எதுக்கு வருவான்?"

"போகும்போது கையில பெட்டி இருந்ததாம்."

"அட்டைப்பெட்டி தூக்கறது குத்தம்னா, தெருவுல பாதிப் பேரைப் பிடிக்கணும்."

"பிளேன் போனதுல உங்களுக்கு வருத்தமே இல்லையாம்மா?"

"போனது போச்சு. இவளை யாரு உங்களைக் கூப்பிடச் சொன்னது?"

கண்டக்டர் மேடத்தின் காதருகே வந்தான். "பதினேழு வருஷ சர்வீஸ்ல சொல்றேன். டிக்கெட் எடுக்காதவங்க இப்படித்தான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாங்க."

மேஜையில் பசைக் குப்பிகள், மெல்லிய தூரிகைகள், உப்புத்தாள் துண்டுகள், பக்கத்தில் ஒரு கோடு போட்ட நோட்டு. மேடம் நோட்டை எடுத்தாள். ஒவ்வொரு பாகமாக ஒட்ட ஒட்ட, அதன் எண்ணை எழுதி டிக் அடித்திருந்தார். ஆரம்பத்தில் கோழி கிளறிய எழுத்து. போகப் போக இடது கை படிந்து வந்திருந்தது.

மேடம் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கடைசி வரியிலிருந்து மேலே படிக்க ஆரம்பித்தாள்.

"தலைகீழா படிக்கறீங்களே?" என்றாள் மகள்.

"அர்த்தம் புரிஞ்சு படிச்சா கண்ணு பிழையைத் தாண்டிப் போயிடும். அதனால நாங்க பின்னாலேருந்துதான் படிப்போம்" என்றாள் மேடம். ஒரு வரியில் அவள் விரல் நின்றது. நோட்டை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "இதை ஒரு நாள் வெச்சுக்கறேன்மா."

மெக்கானிக் அம்மா முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தார்.

தம்பிக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. மூன்று பேரும் நுழைந்தபோது அவர் யாருடைய கண்ணாடிக்கோ கடுகு அளவு ஸ்க்ரூவைப் பொருத்திக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தார். அவள் உட்காரவில்லை.

"மாமா, பிளேன் எங்கே?"

"எந்த பிளேன்?"

"நடிக்காதீங்க. டெய்லர் பார்த்திருக்கார்."

"அட்டைப்பெட்டியைச் சொல்றியா? அது மருந்தும்மா. அக்கா போன் பண்ணி வரச் சொன்னா. 'ஃப்ரிட்ஜ் ரிப்பேர், மருந்து கெட்டுப்போகுது, முனை ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசர்ல வெச்சுட்டுப் போ, கடைக்காரர்கிட்ட சொல்லிட்டேன்'னா. வெச்சுட்டு நேரா கடைக்கு வந்துட்டேன்."

மகளின் முகம் மாறியது. "அம்மாவுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கறதே நான்தான். ஃப்ரீசர்ல வைக்கிற மருந்து ஒண்ணுகூடக் கிடையாது."

"ஃப்ரிட்ஜும் ரிப்பேர் இல்லை" என்றான் கண்டக்டர். "வந்த உடனே தண்ணி குடிச்சேன். பல்லு கூசிச்சு."

தம்பி மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

"இல்லை. நீங்க சொல்றது அத்தனையும் நிஜம்னு நினைக்கிறேன்" என்றாள் மேடம். "ஒண்ணே ஒண்ணு கேட்கணும். உங்க அக்கா மேல அப்படி என்ன கோபம்?"

அவர் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"கோபமா? அன்னிக்குக் குளியலறைக் கதவை உடைச்சது நான்தாங்க. பதினோரு மணி நேரம் ஈரத் தரையில கிடந்திருக்கா. உள்ளே தாழ்ப்பாள். நான் தூக்கறப்போ உடம்பு சில்லுனு இருந்தது. செத்துட்டான்னே நினைச்சேன். அவ கண்ணைத் திறந்து 'கதவை ஏன்டா உடைச்சே, கீலைக் கழட்டியிருக்கலாமே'ங்கறா." அவர் மறுபடி திருப்புளியைக் கையில் எடுத்தார். "இன்னொரு தடவை அந்தக் கதவை உடைக்க எனக்குத் தெம்பு இல்லைங்க. அதான் மனு."

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் கதையை மாமா இதுவரை அவளிடம் சொன்னதில்லை.

ஐஸ்கிரீம் கடையில் அட்டைப்பெட்டி ஃப்ரீசரின் அடித்தட்டில் இருந்தது. மேலே இடது கை எழுத்தில்: 'மருந்து. என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது.'

"இன்னிக்கு நாலு மணிக்கு அவங்களே வந்து வாங்கிக்கறதா சொன்னாங்களே" என்று கடைக்காரர் தயங்கினார். மகளை அவருக்குத் தெரியும், எடுத்துக் கொடுத்தார்.

பெட்டிக்குள் பழைய துண்டில் சுற்றி, விமானம். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல், வெள்ளை உடம்பில் பனி பூத்து.

மகள் வாயில் கை வைத்தாள். "பிளேனை எதுக்கு ஃப்ரீசர்ல வைக்கணும்? அம்மாவுக்கு நிஜமாவே புத்தி..." அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. மனுவில் எழுதியிருந்த வரி அது.

"இங்கே கொடுங்க, குளிருது பாவம்" என்று கண்டக்டர் துண்டோடு விமானத்தைத் தூக்கினான்.

டிக்.

இடது இறக்கை தனியாக அவன் உள்ளங்கையில் கிடந்தது.

கண்டக்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. "மேடம், நான் எதையும் அழுத்தலை. ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடியே அதுவா இறங்கிடுச்சு."

மேடம் இறக்கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பிளாஸ்டிக் எங்கும் உடையவில்லை. ஒட்டிய கோட்டிலேயே, கத்தியால் பிரித்த மாதிரி வந்திருந்தது. அவள் நோட்டை எடுத்தாள்.

"இப்ப படிங்க" என்று மகளிடம் நீட்டினாள். "நூத்தி எண்பத்தாறோட பிளேன் முடிஞ்சுது. கீழே ஒரு வரி இடம் விட்டு, அப்புறம் என்ன எழுதியிருக்கு?"

"தொண்ணூத்தி ரெண்டு, தொண்ணூத்தி ஒண்ணு. ரெண்டுக்கும் டிக் இல்லை." மகள் நிமிர்ந்தாள். "எண் பின்னாடி போகுது."

"ஒட்டும்போது எண் முன்னாடி போகும். பின்னாடி எப்போ போகும்?"

"பிரிக்கும்போது."

"தேதி நேத்திக்கு. பிளேன் காணாம போகலை. அவங்கதான் இதைப் பிரிக்கறதுக்கு வரிசை போட்டிருக்காங்க. ஃப்ரீசர் ஏன்னு எனக்குத் தெரியாது. பசை சமாச்சாரமா இருக்கும். அதைக் கேட்கவேண்டிய இடம் வேற."

"அப்படின்னா திருடன்?"

"திருட்டே இல்லையே" என்றாள் மேடம். "சுமை தூக்கினவர் மட்டும் இருக்கார். அவருக்கே தெரியாம."

"மனுப் போட்டவரையே கூலியாள் ஆக்கிட்டாங்களா?" கண்டக்டருக்கு முகத்தில் மறுபடி ரத்தம் வந்தது. "ஒத்தைக் கைதான் வேலை செய்யுது, மூளை ரெண்டு ஆளுக்கு வேலை செய்யுது."

வீட்டுக்குள் நுழைந்ததும் மெக்கானிக் அம்மா பார்த்த முதல் பொருள் கண்டக்டரின் கையிலிருந்த இறக்கை.

"விட்டுடுச்சா?" என்று எழுந்தே விட்டார். "எந்த இடத்துல? கொண்டா இங்கே. பிளாஸ்டிக் பிஞ்சிருக்கா?"

"கோட்டோட வந்திருக்கும்மா" என்றாள் மேடம்.

அவர் விரலால் தடவிப் பார்த்து, நிம்மதியாக உட்கார்ந்தார். "சட்டுனு ஒட்டற பசை. குளிர் ஏறினா மொறமொறன்னு ஆயிடும். ஒரு தட்டு தட்டினா விட்டுடும். வீட்டு ஃப்ரீசர் சின்னது, இறக்கையோட உள்ளே போகலை."

"ஏம்மா?" என்றாள் மகள். "முடிஞ்ச பிளேனை ஏன் பிரிக்கணும்? அதுவும் விசாரணைக்கு ரெண்டு நாள் முன்னாடி?"

மெக்கானிக் அம்மா விமானத்தின் உடலை மேஜையில் நிறுத்தி, ஒட்டியிருந்த வலது இறக்கையின் நுனிக்கு ஒரு ஸ்கேலை வைத்தார். "இது தரையிலேருந்து எவ்வளவு? அறுபத்தெட்டு மில்லிமீட்டர். இடது பக்கம் அறுபத்து நாலு இருந்தது. நாலு மில்லிமீட்டர் சரிவு."

"யாருக்கும்மா அது தெரியப்போகுது?"

"இதையேதான் போன வாரமும் சொன்னே. 'போதும்மா, நல்லாத்தான் இருக்கு, உன் நிலைமைக்கு இதுவே பெரிசு'ன்னே." அவர் குரலை உயர்த்தவில்லை. "என் நிலைமைக்கா? நான் கையெழுத்துப் போட்டாத்தான் இந்த ரக பிளேன் தரையை விட்டுக் கிளம்பும். முப்பத்தொரு வருஷம். ஒரு நாள்கூட 'இவங்க நிலைமைக்கு இது போதும்'னு யாரும் ஏறி உட்காரலை."

மேடம்தான் பேசினாள். "அச்சான பக்கத்துல ஒரு பிழை இருந்தா, ஊரே படிச்சுட்டுப் போயிடும். எனக்கு அந்தப் பக்கம் முழுக்க அந்த எழுத்து மட்டும்தான் தெரியும்."

மெக்கானிக் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "உனக்குப் புரியுது."

"தம்பிகிட்ட ஏன் கொடுத்து அனுப்பினீங்க?"

"இவ படியில குதிச்சு இறங்குவா. அவன் கண்ணாடி விக்கிறவன். உடையற சாமானைத் தூக்கத் தெரிஞ்சவன்." உதட்டோரம் லேசாகச் சிரித்தார். "விஷயத்தைச் சொல்லியிருந்தா? 'முடிச்சதை அவளே உடைக்கிறா'ன்னு மனுவுல இன்னொரு பக்கம் சேர்த்திருப்பான். இவளும் பயந்திருப்பா."

"பயந்துதான் போனேன்" என்றாள் மகள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாகச் சொன்னாள். "சரிம்மா. இப்பவே ஒட்டிடலாம். நான் புடிச்சுக்கறேன். காலையில முழுசா கொண்டு போகலாம். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்."

மெக்கானிக் அம்மா இறக்கையைத் துண்டில் வைத்து மடித்தார்.

"வேண்டாம்" என்றார். "ஒட்டாம எடுத்துட்டு வா."

மருத்துவ அதிகாரியின் அறையில் ஒரு மேஜை, ஆறு நாற்காலி, சுவரோரம் அலமாரி நிறையக் கோப்புகள். அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, துண்டுக்குள் இருந்ததைப் பார்த்தார்.

"முடிச்சுக் கொண்டு வர்றதா சொன்னீங்களேம்மா?"

"முடிச்சேன் டாக்டர். தப்பா இருந்தது. பிரிச்சுட்டேன்."

தம்பி எழுந்தார். "பார்த்துக்கங்க டாக்டர். ஏழு மாசம் கட்டினதை அவளே உடைச்சிருக்கா. ஐஸ்கிரீம் கடையில கேட்டேன், என்னை வெச்சே அதை ஃப்ரீசருக்கு அனுப்பியிருக்கா. இதைத்தான் நான்..."

"உட்காருங்க" என்றார் அதிகாரி. "அம்மா, எதுல தப்பு?"

மெக்கானிக் அம்மா பதில் சொல்லாமல் வேலையைத் தொடங்கினார். மடியில் ஒரு பலகை. செயலிழந்த வலது கையை அதன் மேல் கனத்துக்கு வைத்து, விமானத்தின் உடலை அசையாமல் நிறுத்தினார். இடது கையில் பிளேடு. பழைய பசையைத் துளித் துளியாகச் சுரண்டி ஊதினார். பிறகு பையிலிருந்து இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து உடலின் இரு புறமும் நிறுத்தினார். இறக்கை எந்தக் கோணத்தில் நிற்க வேண்டுமோ அந்தச் சரிவில் வெட்டியவை. வலது இறக்கை அட்டையில் அச்சாகப் படிந்தது. இடது பக்க அட்டை காத்திருந்தது.

"முதல் தடவை ஒரு தப்புப் பண்ணினேன் டாக்டர்" என்றார் வேலையிலிருந்து கண்ணெடுக்காமல். "இந்த வேலைக்கு மெதுவா ஒட்டற பசைதான் சரி. ஆனா அது காயற வரைக்கும் ஒருத்தர் புடிச்சுக்கணும். எனக்கு ஒரு கை. யாரையும் கூப்பிடறதுக்கு ரோஷம். அதனால சட்டுனு புடிக்கிற பசையைப் போட்டேன். கோணம் பார்க்கறதுக்குள்ள புடிச்சுடுச்சு. கிட்டு மேல தப்பு இல்லை. கை மேலயும் இல்லை."

தூரிகையால் பசையைக் கோடாக இழுத்தார். இறக்கையைப் பொருத்தினார்.

"இப்ப ஒருத்தர் புடிக்கணும். இருபது நிமிஷம்."

மகள் ஓரடி முன்னால் வந்தாள். அதிகாரியும் தன்னை அறியாமல் கையை நீட்டினார். மெக்கானிக் அம்மா தலையை ஆட்டினார்.

"நீங்க வேண்டாம் டாக்டர். நீ வாடா."

தம்பி எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, மண்டியிட்டு, இரண்டு கையாலும் இறக்கையைப் பிடித்தார். இறக்கை அட்டையோடு அழுந்தி வளைந்தது.

"மூச்சை வெளியே விட்டுட்டுப் புடி. அழுத்தாதே. தாங்கு, போதும்."

அவர் பிடியைத் தளர்த்தினார். இறக்கை அட்டையில் படிந்து நின்றது. கண்டக்டர் மேடத்திடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, வாழ்க்கையில் அபூர்வமாக, மூடிக்கொண்டான்.

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அம்மா, நேரா கேட்கறேன். மறுபடி விழுந்தா?"

"விழுவேன். யாரு விழமாட்டா? குளியலறைத் தாழ்ப்பாளைக் கழட்டி எறிஞ்சுட்டேன். கழுத்துல விசில் இருக்கு, பாருங்க. காலையில ஏழு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் கீழ் வீட்டு டெய்லர் கதவைத் தட்டுவார். நான் குரல் கொடுக்கலைன்னா சாவி அவர்கிட்ட இருக்கு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மகளுக்கு போன். இதெல்லாம் செஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

தம்பி இறக்கையைப் பார்த்தபடியே கேட்டார். "என்கிட்ட ஏன்க்கா சொல்லலை?"

"நீ எங்கே கேட்டே? மனு எழுதினே." சற்று நிறுத்தினார். "நானும் சொல்லியிருக்கணும்."

அதிகாரி இரண்டு பக்கம் எழுதினார். எழுதி முடித்துத் தம்பியைப் பார்த்தார்.

"நான் எழுதப்போறது உங்க மனுவுக்குச் சாதகமா இருக்காது. இந்த அம்மாவுக்குப் பாதுகாவலர் தேவையில்லை. அதுக்கு முன்னாடி நீங்களே வாபஸ் வாங்கறதா இருந்தா, படிவம் இருக்கு."

தம்பி அக்காவின் முகத்தைப் பார்த்தார். அக்கா எதையும் கேட்கவில்லை, கெஞ்சவில்லை. அட்டையின் விளிம்பையும் இறக்கையின் விளிம்பையும் ஒரு கண்ணை மூடி ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கிக்கறேன் டாக்டர்" என்றார் தம்பி.

அதிகாரி படிவத்தை அவர் பக்கம் தள்ளி, அதன் மேல் பேனாவை வைத்தார். தம்பியின் கை பழக்கத்தில் பேனாவை நோக்கி எழுந்தது.

"டேய்" என்றார் மெக்கானிக் அம்மா. "இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு. கையை எடுத்தே, தொலைஞ்சே. கையெழுத்து அப்புறம்."

அவர் கையை எடுக்கவில்லை.